தீ வருமுன் வரைந்த படம்

பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தேசப்படம் வாசிக்கக் கற்பிக்கும்போது நாங்கள் முதலிற் சொல்லிக்கொடுப்பது நிறங்களின் பொருளையே. நீலம் நீர், பச்சை தாழ்நிலம், கபிலம் மலை. இவையெல்லாம் உள்ள பொருள்களைக் காட்டுவன. மலை இன்றும் அங்கே நிற்கும், நாளையும் நிற்கும். ஆனால் இன்னும் நிகழாத ஒன்றை, நிகழக்கூடும் என்று மாத்திரமே சொல்லத்தக்க ஒன்றை, நிறந்தீட்டிக் காட்ட முடியுமா? முடியும். அத்தகைய படமொன்றைப் பற்றியே, நேயர்களே, இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அதன் பெயர் காட்டுத்தீ இடர்ப்படம். எந்த நிலத்திலே தீ மூண்டால் அது எத்துணைக் கடுமையாக எரியும், எவ்வளவு விரைவிற் பரவும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, நிலத்தை வகுத்துக் காட்டுவது அது. அதனைத் துணையாகக் கொண்டு மின்கம்பி, நீர்க்குழாய், நெடுஞ்சாலை, வைத்தியசாலை, தொலைபேசிக் கோபுரம் ஆகிய பொதுச் சாதனங்களை எவ்வாறு காக்கலாம் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். ஒரு வீடு எரிந்தால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். இச்சாதனங்களுள் ஒன்று எரிந்தாலோ, தீயின் வெம்மையே எட்டாத ஊரும் இருளில் மூழ்கும், குடிநீரின்றி வாடும். இவற்றைச் சமுதாயத்தின் உயிர்நாடிகள் என்று சொன்னால் மிகையாகாது.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே மழை பெய்வது பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடை முழுவதும் வானம் வறண்டிருக்கும். அம்மழையிலே தழைத்த புல்லும் புதரும் கோடை முடிவதற்குள் காய்ந்து சருகாகிவிடும். அவ்வேளையிலே, இலையுதிர் காலத்தில், உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கி உலர்ந்த காற்று மலையிடுக்குகளின் வழியே சீறிப் பாயும். காய்ந்த விறகும் உலர்ந்த காற்றும் ஒன்றுகூடிய பின் வேண்டுவது ஒரு பொறி மாத்திரமே.

இனி, இடர்ப்படம் வரையப்படும் முறையைப் பார்ப்போம். படம் வரைவோர் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். முதலாவது, எரிவதற்கு என்ன இருக்கிறது? புல்வெளியா, புதர்க்காடா, பெருமரக்காடா என்பதைப் பொறுத்துத் தீயின் குணம் மாறும். புல்லிலே தீ விரைந்தோடும். பெருமரக்காட்டிலே நின்று கொதிக்கும். இவ்வேற்றுமையை இந்நாளிற் செய்மதிகள் விண்ணிலிருந்து கண்டறிந்து தருகின்றன. இரண்டாவது, நிலம் எவ்வாறு சரிந்திருக்கிறது? தீ மேல்நோக்கி ஏறும் இயல்புடையது. சரிவின் அடியில் எரியும் தீ, மேலேயுள்ள மரஞ்செடிகளை முன்னரே சூடேற்றி உலர்த்தி வைத்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் மேலேறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. மூன்றாவது, காற்றும் ஈரமும் எத்தகையன? பல ஆண்டுகளின் வானிலைப் பதிவுகளை ஆராய்ந்து, எந்த மாதத்தில், எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்திற் காற்று வீசும் என்பதைக் கணிக்கின்றனர்.

இம்மூன்றோடு பறக்கும் தணல்களையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீச்சுவர் வந்து தொட்டால்தான் வீடு பற்றும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், காற்று அள்ளிவரும் தணல்கள் தீக்கு வெகுதூரம் முன்னே பறந்து சென்று, கூரையிடுக்கிலும் பீலியிற் சேர்ந்த சருகிலும் விழுந்து புதுத்தீ மூட்டுகின்றன. இவையெல்லாவற்றையும் கணினியிலிட்டு ஆராய்ந்து, கலிபோர்னியாவின் வனவியல், தீயணைப்புத் திணைக்களத்தார் நிலத்தை மிதமான இடர், உயர்ந்த இடர், மிகவுயர்ந்த இடர் என மூன்று படிகளாக வகுத்திருக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை மனத்திற் கொள்ளுதல் நன்று. இடர் வேறு, அதனால் வரும் இழப்பு வேறு. கட்டில்லாத கிணறு ஒன்று வெறும் வெளியிலே கிடந்தால் அது இடர். அதன் பக்கத்திலே பிள்ளைகள் விளையாடத் தொடங்கும்போதே அது இழப்புக்கு வழியாகிறது. ஆள் நடமாட்டமில்லாத மலையிலே மிகவுயர்ந்த இடர் இருக்கலாம். அதனால் ஒருவருக்கும் தீங்கு நேராதிருக்கலாம். அம்மலையின் மீது மின்கம்பியை இழுத்த பின்னர் கதை வேறு.

ஆதலால், இடர்ப்படத்தை மாத்திரம் தனியே வைத்துப் பார்ப்பதாற் பயன் சிறிதே. மாணவர் படத்தாளின் மேல் மெல்லிய எண்ணெய்த்தாளை வைத்துப் பிரதி செய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோன்று, இடர்ப்படத்தின் மேல் மின்கம்பிகளின் வழியை வரைந்த தாளொன்றை வைக்கிறார்கள். அதன்மேல் நீர்த்தேக்கங்களும் குழாய்களும் வரைந்த தாள். அதன்மேல் சாலைகள், பாலங்கள், வைத்தியசாலைகள், தொலைபேசிக் கோபுரங்கள். இந்நாளில் இத்தாள்கள் யாவும் கணினியின் திரையிலேயே ஒன்றின்மேலொன்றாக விரிகின்றன. எங்கே சிவப்பு நிலமும் முக்கியமான சாதனமும் ஒன்றையொன்று சந்திக்கின்றனவோ, அங்கேதான் முதலிற் கை வைக்க வேண்டும். பணமும் ஆளும் எந்நாட்டிலும் அளவுள்ளவை. எல்லா இடத்தையும் ஒருநாளிற் காக்க எவராலும் இயலாது. எதை முதலிற் காப்பது என்ற வினாவிற்கு விடை காட்டுவதே இப்படத்தின் தலையாய பயன்.

காட்டிலெரியும் தீ, தொலைவிலுள்ள நகரத்தை எவ்வாறு தொடும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சியரா நெவாடா மலைத்தொடரில் ‘ரிம்’ என்று பெயரிடப்பட்ட தீ மூண்டு, இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் அங்கிருந்து நூறு மைலுக்கு அப்பால் உள்ளது. எனினும், அந்நகரத்துக்காக ஆளுநர் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். ஏன்? அந்நகரத்தார் பருகும் நீரின் பெரும்பகுதி, யொசெமிற்றிப் பூங்காவிலுள்ள ஹெச் ஹெச்சி நீர்த்தேக்கத்திலிருந்தே வருகிறது. அவர்களுடைய மின்சாரத்தின் ஒரு பகுதியும் அம்மலையிலேயே பிறக்கிறது. தீ நெருங்கவே நீர்மின் நிலையங்கள் இரண்டை நிறுத்தவேண்டியதாயிற்று. நீரிலே சாம்பல் விழுமோ என்று அஞ்ச வேண்டியதாயிற்று. நகரத்தின் உயிர்நாடி நகரத்துக்குள் மாத்திரம் ஓடுவதில்லை என்பதை அத்தீ உணர்த்திற்று.

நேயர்களே, இதுவரையில் சாதனங்களைத் தீயினால் தாக்கப்படுவனவாகவே கருதிப் பேசினோம். இதற்கு மறுபக்கமும் உண்டு. மின்கம்பி தீக்கு இரையாவது மாத்திரமன்று. தீயைப் பெறுவதும் அதுவே. பெருங்காற்றில் மரக்கிளை கம்பியின்மேல் விழலாம். கம்பிகள் ஒன்றோடொன்று உரசலாம். பழுதடைந்த கம்பி அறுந்து சருகில் விழலாம். தீக்கு மிகவும் ஏற்ற அக்காற்றே கம்பி அறுவதற்கும் ஏற்ற காற்றாக இருப்பது இதன் கொடுமை. 2007ஆம் ஆண்டு ஒக்டோபரில் தென் கலிபோர்னியாவைப் பொசுக்கிய தீக்களுட் சில மின்கம்பிகளாற் பிறந்தவை. அதன் பின்னரே, மின்கம்பனிகளை மேற்பார்வை செய்யும் அம்மாநில ஆணைக்குழு, கம்பிகளால் தீ மூளக்கூடிய நிலங்களைக் காட்டும் தனிப்படம் ஒன்றை ஆக்குவிக்க முனைந்தது. அப்பணி பத்தாண்டு நீடித்தது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் அப்படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அப்படம் சுவரில் தொங்கவிடுவதற்கன்று. அதன் நிறத்தோடு சட்டமும் மாறும். சாதாரண நிலத்தில் இத்தகைய மின்கம்பிக்கும் மரக்கிளைக்கும் இடையே 18 அங்குல இடைவெளி போதும். படத்தில் ஆபத்தானது என்று குறிக்கப்பட்ட நிலத்திலோ அது 48 அங்குலமாக இருத்தல் வேண்டும். அங்கே சோதனையும் அடிக்கடி நடத்தல் வேண்டும். பழுதைத் திருத்துவதற்குத் தரப்படும் தவணையும் குறுகும். ஒரு நிறம் நான்கு அடிக் கிளையை வெட்டுவிக்கிறது. ஒரு மனிதனைக் கோபுரத்தின்மேல் ஏற்றுவிக்கிறது. படம் செய்யும் வேலை இதுவே.

ஆயின், அது ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே ஆண்டிலேயே கலிபோர்னியா தன் வரலாற்றிற் காணாத காட்டுத்தீப் பேரழிவைக் கண்டது. வட கலிபோர்னியாவில், பரடைஸ் என்றொரு சிற்றூர். சுவர்க்கம் என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 26,000 பேர் அங்கே வாழ்ந்தனர். அவர்களுள் இளைப்பாறிய முதியோர் மிகப் பலர். இரு பெரும் பள்ளத்தாக்குகளுக்கு இடையே நீண்ட ஒரு மலைமுகட்டின்மேல், பைன் மரங்களுக்கு நடுவே அமைந்த ஊர் அது. திணைக்களத்தாரின் படத்தில் அவ்வூர் மிகவுயர்ந்த இடர் என்ற நிறத்தையே பெற்றிருந்தது. அதாவது, ஆபத்து அறியப்படாததன்று.

2018 நவம்பர் 8ஆந் திகதி காலை ஆறரை மணியளவில், அவ்வூருக்குக் கிழக்கே, பெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள புல்கா என்னும் இடத்தருகே, மின்கோபுரமொன்றிற் கம்பியைத் தாங்கிநின்ற இரும்புக் கொக்கி ஒன்று முறிந்தது. கையில் அடங்கும் சிறு கொக்கி. 1921இல் அமைக்கப்பட்ட கம்பிவழி அது. காற்றில் ஆடி ஆடி, உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்ந்து, தொண்ணூற்றேழாம் ஆண்டிலே அக்கொக்கி கையை விட்டது. உயரழுத்தக் கம்பி கோபுரத்தில் மோத, உருகிய உலோகப் பொறிகள் அடியிலிருந்த காய்ந்த புதரில் வீழ்ந்தன. பள்ளத்தாக்கின் வழியே வீசிய கிழக்குக் காற்று மீதி வேலையைச் செய்தது. ஒன்றரை மணி நேரத்துள் தணல்கள் பரடைஸ் ஊருக்குள் விழத் தொடங்கின.

அதன் பின்னர் உயிர்நாடிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஊரிலிருந்து தெற்கே இறங்குவதற்கு நான்கு சாலைகளே இருந்தன. ஊரை வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வலயமாக மக்களை வெளியேற்றுவதே முன்கூட்டி வகுத்த திட்டம். தீயோ வலயம் வலயமாக வரவில்லை. ஊர் முழுவதிலும் ஒரே வேளையிற் பற்றிற்று. அனைவரும் ஒரே வேளையிற் சாலைக்கு வந்தனர். வாகனங்கள் அசைய மறுத்தன. தொலைபேசிக் கோபுரங்கள் எரிந்தன. எச்சரிக்கைச் செய்தி பலரைச் சென்று சேரவேயில்லை. வைத்தியசாலையிலிருந்து நோயாளரைத் தாதியர் தங்கள் சொந்த வாகனங்களிலும் ஏற்றிச் சென்றனர். அன்றைய தீயில் மாண்டோர் 85 பேர். அழிந்த கட்டடங்கள் 18,000க்கு மேல்.

எரியாமல் எஞ்சிய வீடுகளுக்கும் இன்னொரு துன்பம் காத்திருந்தது. குழாய்களில் நீரழுத்தம் குறைந்தபோது புகையும் நஞ்சும் குழாய்களுக்குள் இழுக்கப்பட்டன. நெகிழிக் குழாய்களும் வெப்பத்தால் உருகின. அதனால், புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் என்னும் பொருள் ஊரின் குடிநீரிற் கலந்திருப்பது பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. வீடு நின்றது; ஆயினும் குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் அருந்த முடியவில்லை.

ஆணைக்குழுவின் விசாரணையிலே ஓர் உண்மை வெளிப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதலாக அக்கோபுரத்தின்மேல் ஏறி எவரும் சோதித்ததற்குச் சான்றில்லை. ஏறிப் பார்த்திருந்தால் தேய்ந்த கொக்கி கண்ணிற் பட்டிருக்கக்கூடும். கம்பிக்கு உரிமையுடைய பசிபிக் காஸ் அன்ட் எலெக்ட்ரிக் கம்பனி 2020 ஜூன் மாதத்தில் நீதிமன்றத்திலே 84 உயிர்களின் இறப்புக்குத் தான் குற்றவாளியே என ஒப்புக்கொண்டது. இறந்தோரின் பெயர் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட, கம்பனியின் தலைவர் எழுந்து நின்று ஒவ்வொரு பெயருக்கும் ‘குற்றவாளி’ என்று விடையிறுத்தார். எண்பத்து நான்கு முறை.

அவ்வாறாயின் இடர்ப்படத்தால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. படத்துக்கும் குறைகள் உண்டு. 2017 ஒக்டோபரில் சாந்தா ரோசா நகரத்தில், கொபி பார்க் என்னும் குடியிருப்பு ஓர் இரவில் வெந்து சாம்பலாயிற்று. அது சமநிலத்தில், நெடுஞ்சாலைக்கு இப்பாலிருந்த சாதாரணக் குடியிருப்பு. அக்காலப் படத்தில் இடர் நிலத்துக்குப் புறத்தேயிருந்தது. தணல்களோ ஆறு வழி நெடுஞ்சாலையைத் தாண்டிப் பறந்து வந்தன. படத்துக்கு ஓரமுண்டு; தீக்கு ஓரமில்லை. இதனைக் கண்ட பின்னரே பெருங்காற்றையும் தணல்களையும் இன்னும் நுட்பமாகக் கணித்து, 2024இலும் 2025இலும் திருத்திய படங்களை வெளியிட்டனர். ஆகவே இடர்ப்படம் என்பது ஒருமுறை வரைந்து முடிப்பதன்று. ஒவ்வொரு தீயிலிருந்தும் கற்றுத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியது.

இவ்விரு ஊர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொபி பார்க்கிலே படம் ஆபத்தைக் காணத் தவறிற்று. பரடைஸ் ஊரிலே படம் கண்டது. மனிதர் செய்யத் தவறினர். முதலாவது தவறைத் திருத்துவது அறிவு. இரண்டாவதைத் திருத்துவது கடமையுணர்ச்சி. முன்னதைக் கணினி தரும். பின்னதை எந்தக் கணினியும் தராது.

அவ்வனர்த்தத்தின் பின்னர் பல நற்செயல்கள் நிகழ்ந்தன. அந்தப் பழைய கம்பிவழி நிரந்தரமாக மூடப்பட்டது. ஆபத்தான நிலங்களிற் கம்பிகளுக்கு உறையிட்டும், 10,000 மைல் நீளத்தை நிலத்தின்கீழ்ப் புதைப்பதெனத் திட்டமிட்டும் கம்பனி பணி தொடங்கிற்று. புதிதாக எழும் பரடைஸ் ஊரிலே கம்பிகள் நிலத்தின்கீழ்ச் செல்கின்றன. எச்சரிக்கைச் சங்குகள் கோபுரங்களில் நிறுவப்பட்டுள்ளன. எல்லாக் கம்பியையும் ஒரே நாளிற் புதைக்க இயலாமையால், எந்தக் கம்பி முதலில் என்பதைத் தீர்மானிப்பதற்கு இன்றும் படத்தையே நாடுகின்றனர்.

இன்னொரு வழியும் கையாளப்படுகிறது. பெருங்காற்று வீசுமென்று வானிலை நிலையங்கள் அறிவித்தால், ஆபத்தான நிலத்துக் கம்பிகளில் மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிடுகின்றனர். மின்னில்லாக் கம்பி அறுந்தாலும் பொறி பிறவாது. ஆனால் இதற்கும் விலையுண்டு. 2019 ஒக்டோபர் இறுதியில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, வீட்டிலே மின்கருவியால் மூச்சுவிடும் நோயாளரும், மருந்தைக் குளிரில் வைத்திருப்போரும் பெருந்தொல்லைக்கு ஆளாயினர். தீயணைப்பதற்கான நீரை இறைக்கும் பொறிகளுக்கும் மின்சாரம் வேண்டுமல்லவா? ஆகவேதான் நுண்ணிய படம் தேவைப்படுகிறது. படம் எத்துணை நுண்ணியதோ, அத்துணைச் சிறிய பகுதியை இருளிலாழ்த்தினாற் போதும். மாவட்டம் முழுவதையும் அணைப்பதற்குப் பதிலாக ஒரு பள்ளத்தாக்கை மாத்திரம் அணைக்கலாம். அங்குள்ள நோயாளருக்கு முன்னரே மாற்று வசதி செய்துவைக்கலாம்.

கலிபோர்னியா நமக்கு வெகுதூரம். அத்தகைய பெருந்தீ நம் நாட்டிலே மூள்வதில்லை. ஆயினும் அந்தக் கொக்கியின் கதை நமக்கு முற்றிலும் புதியதன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் அறிந்தோம். அங்கே தீயில்லை, மண். ஆனால் அறிந்ததற்கும் செய்ததற்கும் இடையேயிருந்த தூரம் ஒன்றே.

அந்தத் தூரத்தைக் குறைப்பது பெரிய அலுவலகங்களின் வேலை மாத்திரமன்று. உங்கள் பிரதேசத்துக்கு இடர்ப்படம் உண்டா என்று கேளுங்கள். உண்டெனின், அதில் உங்கள் பாடசாலை எந்த நிறத்திலிருக்கிறது, வைத்தியசாலைக்குச் செல்லும் சாலை எந்த நிறத்தைக் கடக்கிறது என்று பாருங்கள். பின்னர், அந்த நிறத்துக்காக இதுவரை என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். என் வகுப்பிற் படத்தை விரித்து, “இது என்ன நிறம்?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கையுயர்த்துவார்கள். “அதற்காக நாம் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டாற் சிறிது நேரம் அமைதி நிலவும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடையில்லாத படம், எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், வெறுஞ் சித்திரமே. விடையுள்ள படமே காவல்.